ரிவர்ஸ் இருந்த இடம்

பளபளவென்று எந்தச் சாமானைக் கண்டாலும் இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு காலத்தில் அப்படி இல்லை. பெரம்பலூரில், அரியலூர் போகிற ரோட்டில் என் பட்டறை இருந்தது. அந்தத் தகரக் கொட்டகைக்கு வந்ததெல்லாம் ஜீப், டெம்போ, கல்யாணத்துக்கு வாடகை போகும் அம்பாசடர், சுண்ணாம்புத் தூசி அப்பி வெள்ளையாக நிற்கும் டிப்பர். அவற்றுக்கு நடுவில் ஒரு நாள் சிவப்பாக, இரண்டே கதவோடு, தரையை ஒட்டினாற்போல ஒரு ஜப்பான் கார் வந்து நின்றது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கையில் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது.

காரின் சொந்தக்காரர் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர். துபாயில் கடை வைத்திருந்தார். லீவில் வந்தவர், பெங்களூரில் கார்ப் பந்தயப் பைத்தியம் பிடித்த யாரிடமோ அதை வாங்கி ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். எங்கள் ஊர் ரோட்டுக்கு அந்தக் கார் எதற்கு என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிப்பாகம் உரசும். ஆனாலும் மனுஷன் அதிலிருந்து இறங்கும்போது முகத்தில் புது மாப்பிள்ளைக் களை இருக்கும்.

அடுத்த லீவுக்கு வந்தபோது, வீட்டுக்குச் சென்ட்டும் போர்வையும் கொண்டுவந்த அதே பெட்டியில் எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் ஒரு குட்டைக் கியர் லீவர், அது உட்கார்ந்து ஆடப் பித்தளை புஷ்கள், லீவரின் தலையில் கை பிடிக்கிற நாப் ஒன்று.

“பந்தயத்துல ஓட்றவங்க எல்லாம் இதத்தான் போட்றாங்களாம்ணே. கைய லேசா அசைச்சாப் போதும், கியர் வுழுந்துடும். இன்ஷா அல்லாஹ், நீங்கதான் மாட்டித் தரணும்.”

சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையை ரசித்துத்தான் செய்தேன். சீட்டுகளுக்கு நடுவில் இருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி, தோல் உறையை உரித்து, வண்டிக்கு அடியில் படுத்து, லீவரையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற ராடின் போல்ட்டைத் தட்டி எடுக்கவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. லீவர் நடுவில் ஒரு பந்தின் மேல் உட்கார்ந்து ஆடும். பந்துக்கு மேலே நம் கைப்பக்கம், கீழே ராடை இழுக்கிற பக்கம். புது லீவரில் மேல்பக்கம் குட்டை, கீழ்ப்பக்கம் நீளம். சூட்சுமம் அவ்வளவுதான். மேலே கொஞ்சம் அசைத்தால் கீழே நிறைய நகரும். பழைய லீவர் ஒரு சாண் போய் வந்த இடத்தில் இது நாலு விரற்கடைதான் போனது. சற்று விறைப்பு, ஆனால் டக்கென்று போய் உட்காரும். முன்பெல்லாம் கை போகிற தூரத்தை வைத்தே எந்தக் கியர் விழுந்தது என்று தெரிந்துவிடும். இதில் எல்லாக் கியரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருக்கிற வீடுகள் மாதிரி நெருங்கிவிட்டன. பாய்க்கு அதுதான் பிடித்தது. எனக்கும் பிடித்தது.

நாப்பில்தான் சிக்கல். அது எல்லாக் காருக்கும் பொதுவாகச் செய்தது. மரை பொருந்துவதற்கு மூன்று வளையங்கள் கூடவே இருந்தன. தலையில் சிவப்பு எழுத்தில் எந்தக் கியர் எங்கே என்று வரைந்திருந்தது. அதில் ஆர் என்ற எழுத்து, அதாவது ரிவர்ஸ், ஃபர்ஸ்ட் கியருக்கும் இடப்பக்கம், இடது மேல் மூலையில் இருந்தது. இந்தக் காரிலோ ரிவர்ஸ் வலது பக்கம் கீழே, ஐந்தாம் கியருக்கு அடியில். நாப்பை நம்பி இடது மேல் மூலைக்குத் தள்ளினால் விழுவது ஃபர்ஸ்ட் கியர்.

“பாய், ரிவர்ஸ எடம் மாத்திப் போட்டிருக்கான். இத மாட்ட வேணாங்க. இல்லன்னா அந்த எழுத்த மட்டும் அரத்தால ராவி வுட்டுடறேன்.”

“அட போங்கண்ணே. நான் ஒருத்தன்தான ஓட்டப் போறேன்? என் வண்டி ரிவர்ஸ் எனக்குத் தெரியாதா? ராவுனா அழகு போயிடும்.”

ராவியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நழுவ முடியாது. எனக்கும் அந்த அழகைக் கெடுக்க மனசு வரவில்லை. இறுக்கி மாட்டி, துணியால் துடைத்து, தள்ளி நின்று இரண்டு பேரும் பார்த்து ரசித்தோம்.

என் தங்கையின் வீட்டுக்காரர் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். வீடு கல்லங்குறிச்சியில். நாலு வயசில் ஒரு மகள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அப்பன் காலம் வரை அடுத்தவர் வயலில் குனிந்த முதுகுதான். நான் ஸ்பானர் பிடித்ததும் அவர் ஸ்டியரிங் பிடித்ததும் எங்களுக்குப் பெரிய ஏற்றம். பாய் துபாய் திரும்புமுன், கடைக்கு ஒரு டிரைவர் வேண்டும், விசா எடுத்து அனுப்புகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனார். காரை என் பட்டறையில் விட்டார். பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒரு தடவை எடுத்து ஓட்டச் சொன்னார்.

மாப்பிள்ளை துபாய் போவதில் தங்கைக்குத் துளியும் இஷ்டமில்லை. வீட்டில் தினமும் சண்டை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் சண்டை போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். “எங்கயாச்சும் போய்த் தொலை” என்று இவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிற வார்த்தைதான் அது. சொல்லிவிட்டுச் சோறும் போடுவார்கள்.

நான் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தேன். அவருடைய செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

“மச்சான், கார ஒரு சுத்து எடுத்துட்டு வரேன். டிப்பரே ஓட்டிக் கை மரத்துப் போச்சு. துபாய் போறதுக்குள்ள கொஞ்சம் பழகிக்கறேன்.”

“சாவி ஆணில கெடக்கு. மெதுவாப் போங்க மாப்ள. அடி தட்டும்.”

அடி தட்டும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, ரிவர்ஸ் மாறியிருக்கிறது என்று சொல்லத் தோன்றவில்லை. எந்தப் புது வண்டியில் ஏறினாலும் டிரைவர்களுக்கு மற்ற கியர்களைக் கையே தேடிக்கொள்ளும். ரிவர்ஸ்தான் வண்டிக்கு வண்டி இடம் மாறும், அதற்கு மட்டும் நாப்பைப் பார்ப்பார்கள். இது எனக்குத் தெரியாததா? அன்றைக்குக் காரை நானே ரோட்டைப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தேன். வெளியே போக அவருக்கு ரிவர்ஸ் தேவைப்படவில்லை. சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தால் முதல் தள்ளிலேயே சுவரில் முட்டியிருக்கும். நான் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

அரியலூருக்கு வெளியே கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு பெரிய பள்ளம் உண்டு. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாக, ஆழமாகக் கிடக்கும். விளிம்பு வரை பழைய லாரித் தடம் போகும். டிப்பர்க்காரர்கள் அங்கே வண்டியை நிறுத்திச் சோறு தின்பது வழக்கம். மாப்பிள்ளை கூட்டாளிகளிடம் காரைக் காட்டப் போயிருக்க வேண்டும். ஞாயிறு என்பதால் ஒருத்தரும் இல்லை. எதிர்க்கரையில் ஆடு மேய்த்த ஒரு பெண் மட்டும் இருந்தாள். போலீஸிடமும் எங்களிடமும் அவள் ஒரே மாதிரிதான் சொன்னாள்.

“செவப்புக் காரு தண்ணியப் பாத்தாப்ல ரொம்ப நேரம் நின்னுச்சுங்க. அப்பறம் ஸ்டார்ட் ஆவுற சத்தம் கேட்டுச்சு. அந்த ஆளு பின்னாடி திரும்பிப் பாத்தாரு. பாத்துகிட்டு இருக்கும்போதே வண்டி முன்னால பாஞ்சு உள்ள போயிடுச்சுங்க.”

கடைசியாக ஒரு தடவை ஊரைத் திரும்பிப் பார்த்திருக்கிறான் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ரிவர்ஸ் எடுக்கிறவன்தான் பின்னால் பார்ப்பான். இது மற்றவர்களுக்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் பத்து வருஷம் டிப்பர் ஓட்டியவனுக்கு ரிவர்ஸ் போடத் தெரியாதா என்று விட்டுவிட்டார்கள்.

அவரை மதியமே வெளியே எடுத்துவிட்டார்கள். அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. சாயங்காலம் கிரேன் வைத்துக் காரைத் தூக்கினார்கள். மெக்கானிக் என்பதால் என்னைக் கிட்டே போய்ப் பார்க்க விட்டார்கள். லீவர் இடது மேல் மூலையில் நின்றது. நாப்பில் சேறு அப்பியிருந்தது. கட்டைவிரலால் துடைத்தேன். அந்த எழுத்து புதுசு போல இருந்தது. காலையில் வண்டியைச் சோதிக்க அதிகாரி வருவார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் நாப்பைத் திருகிக் கழற்றிக் கைலி மடிப்பில் சொருகிக்கொண்டேன். யோசித்துச் செய்ததாகக்கூடச் சொல்ல முடியாது. கை தானாகச் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு யோசிக்க எனக்கு ஐந்து வருஷம் இருந்தது.

பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, வண்டியில் கோளாறு இல்லை என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். மொட்டையாக நின்ற லீவரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கோளாறு இல்லாத வண்டி தானாகத் தண்ணீரில் இறங்குமா? தெருவே கேட்ட சண்டை வேறு இருந்தது. மாப்பிள்ளை தானாகவே போய்ச் சேர்ந்தார் என்று ஊர் முடிவு கட்டியது.

மூன்றாம் நாள் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“நான் சொன்ன வார்த்தைக்காண்ணே போனாரு? நான் சும்மாதாண்ணே சொன்னேன்.”

“அதெல்லாம் இல்லம்மா. விதி.”

விதி அப்போது என் பட்டறையில், பழைய போல்ட் டப்பாவுக்குள் கிடந்தது. கேஸ் ஆகிவிடும், பட்டறை போய்விடும், சொந்தமெல்லாம் காறித் துப்பும் என்று ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். பயம் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் போதும்.

பாய் அடுத்த லீவில் வந்து தங்கை வீட்டு வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். பிறகு என்னைத் தனியாக அழைத்துப் போய், “அந்த நாப்பு எங்கண்ணே?” என்றார். தண்ணீரில் விழுந்திருக்கும் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் போனார்.

தங்கை இரண்டு வருஷம் அழுதாள். அழுது முடிந்ததும் அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது. சுவரில் இருந்த போட்டோவைக் கழற்றித் தகரப்பெட்டிக்குள் போட்டாள். ஆணி மட்டும் நின்றது. மகள் கேட்டால், “ஒங்கப்பன் நம்ம ரெண்டு பேரும் வேணாம்னு போயிட்டான்” என்பாள். என் காதுபடவே ஒரு நாள் சொன்னாள். பிள்ளை தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் திவசத்தன்று நாப்பை மடியில் கட்டிக்கொண்டுதான் கல்லங்குறிச்சி போவேன். சாப்பிட்டுவிட்டு அதோடே திரும்பி வருவேன்.

ஐந்தாம் வருஷம் நான் போனபோது வீட்டில் அடுப்பே எரியவில்லை.

“இனிமே தெவசம் குடுக்கப் போறதில்லண்ணே. என்னையும் புள்ளையையும் வேணாம்னு போன ஆளுக்கு எதுக்கு எள்ளும் தண்ணியும்?”

மடியை அவிழ்த்து நாப்பை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் விரலால் கோடு போட்டு, காரில் ரிவர்ஸ் எங்கே இருந்தது, நாப்பில் எங்கே இருந்தது என்று காட்டினேன். தெரிந்தே மாட்டியதை, அவரிடம் சொல்லாமல் விட்டதை, கழற்றி ஒளித்ததை, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. நாப்பைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இந்த எழுத்து பின்னாடி போறதுக்கா?”

“ஆமா.”

“அத நம்பித் தள்ளுனா?”

“முன்னாடி போவும்.”

“அப்ப அவரு பின்னாடி திரும்பிப் பாத்தது?”

“வண்டியத் திருப்பறதுக்கும்மா. வூட்டுக்கு வரதுக்கு.”

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து போட்டோவை எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினாள். உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, “ஒங்கப்பா நம்ம வூட்டுக்கு வரத்தான்டி பாத்திருக்காரு” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நான் தயாராக இருந்தேன். அதற்காக ஏங்கினேன் என்றே சொல்ல வேண்டும். அவள் ஒன்றும் செய்யவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நாப் அவள் கையிலேயே இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் வெளுத்திருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

“போயிட்டு வரேம்மா” என்றேன்.

போட்டோவைப் பார்த்தபடியே, “போ” என்றாள்.