மாவு மில்காரியும் மூத்தார் வீட்டு மீட்டரும்

மாவு மில்காரிக்கு மூக்கு நுனியில் கோபம். அதில் பாதியை மூத்தாருக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள். மூத்தார் என்றால் கணவனின் அண்ணன். வீட்டைப் பாகம் பிரித்தபோது மின்சார மீட்டர் அவர் பக்கம் போய்விட்டது. இவள் மில் கொல்லைக் கோடியில். மீட்டரிலிருந்து ஒரு நீள ஒயர் முற்றத்தைத் தாண்டி, சுவரேறி, கூரையோரமாக வளைந்து மில்லுக்கு வந்தது.

கோதுமையைக் கொட்டினால் போதும், மோட்டார் முனகும், விளக்கு மங்கும், கருகல் நாற்றம் வரும். ஏற்கெனவே ஒரு மோட்டார் எரிந்து போயிற்று. இன்னொன்றும் எரிந்தால் மில்லை மூட வேண்டியதுதான். வீட்டில் உலை கொதிப்பதே அந்த மில்லின் புண்ணியத்தில்.

எலக்ட்ரீஷியன் மோட்டாரை நிறுத்திவிட்டு அளந்தபோது ஒயரின் இரு முனையிலும் வோல்டேஜ் ஒன்றாகவே காட்டியது. ஆகவே அவள் முடிவு கட்டிவிட்டாள்: மில் ஓடும் நேரம் பார்த்து மூத்தார் வீட்டில் கரண்டை உறிஞ்சுகிறார்கள். மூத்தாரின் மனைவியான ஓரகத்தியைத் தெருவில் வைத்தே திருடி என்றாள்.

அன்று மோட்டாரில் புகை வந்தது. எலக்ட்ரீஷியனைக் கையோடு இழுத்து வந்தாள்.

"நிறுத்திட்டு அளக்காதே தம்பி. ஓட விட்டு அளந்து அந்தத் திருட்டைப் புடி."

அளந்தான். மீட்டர் பக்கம் வோல்டேஜ் முழுசாக இருந்தது. மில் பக்கம் கால்வாசியைக் காணோம்.

"பாத்தியா! எங்க போச்சு?"

"ஒயரைத் தொட்டுப் பாருங்கக்கா."

கொதித்தது.

"யாரும் திருடலை. ஒயர் மெல்லிசு, நீளமும் ஜாஸ்தி. கரண்டு ஓடாதப்போ நஷ்டம் தெரியாது. ஓடினா, போற கரண்டுக்குத் தக்கபடி வோல்டேஜை இதுவே முழுங்குது. முழுங்கினதுதான் இந்தச் சூடு. வோல்டேஜ் குறைஞ்சா, பாரத்தை இழுக்க முடியாம மோட்டார் இன்னும் கரண்டு கேக்குது. கேக்கக் கேக்க இது இன்னும் முழுங்குது."

அவள் கோபம் ஒரு நொடி போக்கிடமில்லாமல் நின்றது. பிறகு கணவன் பக்கம் திரும்பியது. அந்த ஒயரை வாங்கி வந்தது அவன்தான்.

"கடைக்காரன் தடிமனாத்தான் போடச் சொன்னான்..." என்று இழுத்தான். "எதுல வந்தாலும் கரண்டு கரண்டுதானே, எதுக்கு வீண் செலவுன்னு..."

"உங்க சிக்கனத்துல தீயை வைக்க! மோட்டாரை எரிச்சதும் நீங்க, என் வாயைக் கெடுத்ததும் நீங்க!"

எலக்ட்ரீஷியனை மெயினை அணைக்கச் சொல்லி, ஒயரை அவளே பிடுங்கி எறிந்தாள். அரைபடாத மூட்டைகளைக் கணவன் தலையில் ஏற்றி, வாடிக்கைக்காரர் வீடுகளில் திருப்பிக் கொடுக்க அனுப்பினாள். பிறகு விடுவிடுவென்று முற்றத்தைத் தாண்டினாள்.

ஓரகத்தி வாசற்படியிலேயே மறித்தாள். "என்ன, இன்னிக்கு எதைத் திருடிட்டேனாம்?"

"ஒண்ணும் திருடலை. நான் சொன்னது தப்பு. தெருவுல வச்சு ஏசினேன், தெருவுல வச்சே தப்புன்னு சொல்றேன். வெளிய வாக்கா."

"அதுக்கு ஏன்டி இப்படி முறைக்கிறே?"

"தப்புன்னுதானே சொன்னேன்? உன்னைப் புடிக்கும்னா சொன்னேன்? வா!"