மூன்று டேப்பும் ஒரு பெரட்டும்

அன்று காலை கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள்: ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கோவிந்தசாமி. பினாங்கிலிருந்து வந்த இன்ஜினியர் ஊய். டிரைவர் காதர் பாய். டேட்டா எண்ட்ரி ஆப்பரேட்டராக இருந்த நான், செலின். கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம், தோட்டத்தில் களை வெட்டும் முனியம்மா. அவரை யாரும் கூப்பிடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

மெஷின் முந்தின நாளே நின்றுவிட்டது.

1. மெஷின்

எண்பதுகளின் கடைசிப் பக்கம். மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனியின் ஆபீஸ். நான் தொடக்கப்பள்ளி முடிந்து வரும் ரிமூவ் கிளாஸோடு படிப்பை விட்டவள். டைப் அடிக்க வரும். அதற்காகத்தான் எடுத்தார்கள்.

முதல் நாள் பெரிய கிராணி என்னை அந்த அறை வாசலில் நிறுத்தினார்.

"செருப்ப கழட்டிட்டு வாம்மா. தூசி ஆகாது. உள்ள சத்தம் போட்டுப் பேசாத."

"சத்தம் போட்டா என்னா சார் ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. எனக்குப் பிடிக்காது."

ஆபீசில் ஏர்கான் இருந்த ஒரே அறை அது. மத்தியானத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு எல்லோரும் வந்து நிற்பார்கள். காதர் பாய் பிளாஸ்டிக் பையில் கட்டிய, பால் சேர்க்காத கோப்பி ஓவை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வருவார். இப்போதும் ஏர்கான் காற்று முகத்தில் பட்டால் எனக்கு அந்தக் கோப்பி வாசம்தான் வரும்.

சர்வர் என்ற பேச்சு அப்போது இல்லை. மெஷின் என்போம். அலமாரி உயரம். அதில் ஓடியது ரிலேஷனல் டேட்டாபேஸ் என்றார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆட்களுக்கு ஒரு டேபிள். வீடுகளுக்கு ஒரு டேபிள். இரண்டையும் கோக்க ஒரு நம்பர். நம்பர் பொருந்தினால் இந்த வீட்டில் இந்த ஆள் என்று திரை சொல்லும். வேலைக்கு அது போதுமாக இருந்தது.

வேலை முடிந்ததும் பேக்கப். வட்டமான ரீல் டேப் மூன்று வைத்திருந்தோம். ஏ, பி இரண்டும் ஆபீசில். மாற்றி மாற்றி எழுதுவேன். சி டேப்பை வாரம் ஒருமுறை எழுதி, காதர் பாயிடம் கொடுத்து, குருணில் இருந்த எங்கள் ரப்பர் பேக்டரி ஸ்டோருக்கு அனுப்புவேன். ஆபீஸ் எரிந்தாலும் அது இருக்கும் என்று ஊய் சொல்லிக் கொடுத்தது.

"எரியாத ஆபீசுக்கு நான் எதுக்கு வாராவாரம் குருணுக்கு ஓடணும் தங்கச்சி?" என்று பாய் கேட்பார். ஆனாலும் போவார்.

2. பட்டியல்

புக்கிட் செலம்பாவ் பக்கம் இருந்த தோட்டத்தை அந்த வருடம் கம்பெனி விற்றது. லயத்தில், அதாவது கம்பெனியின் வரிசை வீடுகளில் குடியிருப்பவர்களுக்குத் தோட்டத்து ஓரத்தில் வீட்டு மனை என்று முடிவாயிற்று. நில ஆபீசுக்குப் பட்டியல் போக வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் மனை. இல்லாவிட்டால் லயத்தை விட்டு வெளியே.

முதலில் செக்ரோல் ஆட்களுக்கு மட்டும் என்றார்கள். சம்பளப் பேரேடான செக்ரோலில் பெயர் இருந்தால்தான் தோட்டத்து ஆள். களை வெட்டுகிற, மருந்து அடிக்கிற கான்ட்ராக்ட் ஆட்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள். ஆனால் கணக்கில் இல்லை. முனியம்மா, புருஷன் செத்த பிறகு கான்ட்ராக்டுக்குப் போனவர். அந்த லயத்திலேயே பிறந்தவர். மேனேஜரின் காருக்கு முன்னால் மண்வெட்டியோடு நின்றார். சத்தம் போடவில்லை. நின்றார், அவ்வளவுதான். கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்கச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்டார்.

அந்த வாரம் பூராவும் ஆட்கள் கவுண்டருக்கு வந்தார்கள். கல்யாணமாகித் தனி வீடு போனவர்கள், செக்ரோலில் விட்டுப்போனவர்கள், கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் நேரே மெஷினில் அடித்தேன். இனிமேல் காகிதம் வேண்டாம் என்று மேனேஜருக்குப் பெருமை. முனியம்மா தன் பெயரைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது.

"இதுதானா நானு? பச்சையா இருக்கே" என்றார், திரையில் மின்னிய எழுத்தைப் பார்த்து.

3. பூசை

ஆயுத பூசை வந்தது. பால்மரக் கத்தி, மண்வெட்டி, டைப்ரைட்டர், வேன் எல்லாவற்றுக்கும் பொட்டு. அன்று கருவியைத் தொடக்கூடாது. அதனால் மெஷினும் ஓடவில்லை, பேக்கப்பும் இல்லை. நான் கோயில் ஆள் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவள். கவுண்டரில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் பெரிய மழை. ஒரு இடி. விளக்கு அணைந்து வந்தது. மெஷினுக்குள் தகரத்தைச் சுரண்டுவது போலச் சத்தம். டிஸ்க் போய்விட்டது. அதற்கு அடுத்த நாள் காலை ஊய் புது டிஸ்க்கோடு வந்தார். அந்தக் காலைதான் நான் முதலில் சொன்னது.

டிஸ்க்கை மாற்றினார். பி டேப்பை மாட்டினார். அது கொஞ்சம் சுற்றி நின்றது. மறுபடி மாட்டினார். நின்றது. டேப்பைக் கழற்றி விரலைப் பார்த்தார். விரல் சிவப்பாக இருந்தது.

"இந்தச் செவப்பு என்னது?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

பெரிய கிராணி தொண்டையைச் செருமினார்.

"குங்குமம்."

"டேப்புலயா?"

"இதுவும் ஆயுதந்தானே. மூடியத் தொறந்து, தலை எதுன்னு பாத்து அதுல வச்சேன். சந்தனம் கொஞ்சம். மஞ்சத் தண்ணியும் தெளிச்சேன்."

"ரெண்டுலயுமா?"

"ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

காதர் பாய் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். ஊய் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பஞ்சும் ஸ்பிரிட்டும் கேட்டார். டேப்பின் தலையில்தான் அது என்ன டேப் என்ற விவரம் எழுதியிருக்கும். அது படிக்காவிட்டால் மெஷின் மேலே போகாது. பி டேப்பைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், படிக்கவில்லை. ஏ டேப்பில் மஞ்சள் தண்ணீர் காய்ந்து சுற்றோடு சுற்று ஒட்டியிருந்தது. பிரித்தால் அறுந்தது.

கடைசியாக ஜர்னல் பற்றிக் கேட்டேன். டேபிளில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் மெஷின் தனியாகவும் எழுதிவைக்கும். பழைய பேக்கப்பை ஏற்றி, மேலே ஜர்னலை ஓடவிட்டால் இன்றைய நிலைக்கு வந்துவிடும்.

"ஜர்னலும் அதே டிஸ்க்ல. தா போலே" என்றார். முடியாது என்று அர்த்தம்.

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனியம்மா கேட்டார். "எம் பேரு இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு செலினு."

"இருங்கக்கா" என்றேன்.

காதர் பாயிடம் அதற்குள் வேன் சாவி இருந்தது. குருண் போய் சி டேப்பைக் கொண்டுவந்தார். அதன் டப்பாவில் ரப்பர் ஷீட் புகை வாசம். மாட்டினோம். சுற்றியது. நிற்கவில்லை. ஊய் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

டேபிள்கள் வந்தன. ஆனால் சி டேப், ஆட்கள் கவுண்டருக்கு வரத் தொடங்கும் முன் எழுதியது. அந்த வாரத்தில் சேர்த்த ஒரு பெயரும் இல்லை. முனியம்மாவும் இல்லை. எத்தனை பேர் போனார்கள் என்றும் தெரியாது. பட்டியல் மறுநாள் நில ஆபீஸ் அடைப்பதற்குள் போக வேண்டும்.

முனியம்மாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. பையிலிருந்து வெற்றிலை எடுத்தார், போடாமல் திரும்ப வைத்தார்.

"ஒரு வாட்டி எழுதுனத மறுவாட்டி எழுதுனா என்னா?"

"யார் யார்னு தெரியணுமேக்கா."

"ஆளுங்க எங்க போயிட்டாங்க? தோட்டத்துலதானே இருக்காங்க."

பெரிய கிராணி நிமிர்ந்தார். "பெரட்டு" என்றார்.

பின்னால் நான் கற்றுக்கொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டேப்பில் எழுதிவிட்டால் பேக்கப் ஆகாது. திரும்ப ஏற்றிப் படித்துப் பார்த்தால்தான் பேக்கப். ஜர்னலை வேறு டிஸ்க்கில் வைக்க வேண்டும். ஒரு டேப் எப்போதும் வேறு ஊரில் இருக்க வேண்டும். ரிட்டையர் ஆகும் வரை இதை விட்டதில்லை. அடுத்த வருடமும் பூசை நடந்தது. சந்தனம் மேசைக்கு மட்டும்.

4. பெரட்டு

வந்த பட்டியலைப் பிரிண்டரில் அடித்தோம். நீளமாக மடிந்து மடிந்து விழுந்தது. மறுநாள் விடிகாலை வேனில் தோட்டத்துக்குப் போனோம்.

பெரட்டு என்பது வேலைக்குப் போகும் முன் பெயர் கூப்பிடுவது. தோட்ட ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்பார்கள். தலையில் சுற்றிய துணி, இடுப்பில் கத்தி, கொசுவத்திப் புகை. நானும் அந்த மாதிரி ஒரு லயத்தில் வளர்ந்தவள்தான். ஆபீசுக்கு வந்த பிறகு பெரட்டுப் பார்த்ததில்லை. அந்த ஈரக் காற்றில் ரப்பர் பால் வாசம் அப்படியே இருந்தது.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சின்னையா சத்தமாகச் சொன்னார். "இன்னிக்கு வேலைக்கு இல்ல, வீட்டுக்குப் பேர் கூப்பிடுறது. கூப்பிட்டவன் இந்தப் பக்கம் வா. கூப்பிடாதவன் நின்ன எடத்துல நில்லு."

பெரிய கிராணி படித்தார்.

"கிராணியாரே, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசுனீங்களாமே. குளிப்பாட்டுனீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சும்மா இருங்கடா. சுப்ரமணியம்!"

நான்கு பேர் நகர்ந்தார்கள்.

"எந்தச் சுப்ரமணியம் சார்?"

"நாலும் இருக்கு. போங்க."

"என்னைய ரெண்டு வாட்டி கூப்ட்டா ரெண்டு வீடுலா!"

சிரித்தார்கள். கிராணியும் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். தாள் முடிந்தது. நின்ற இடத்திலேயே நின்றவர்களின் பெயரையும் கதவு நம்பரையும் நான் எழுதிக்கொண்டேன். பொய்யாக நின்ற ஒருவனை மண்டோர் காதைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினார்.

கான்ட்ராக்ட் ஆட்கள் ஒருவரும் இல்லை.

"அவங்க எப்ப பெரட்டுக்கு வந்தாங்க?" என்றார் மண்டோர். "லாரி இருட்டோட கெளம்பிருச்சு. பொழுது சாஞ்சுதான் வரும்."

அதற்குள் நில ஆபீஸ் அடைத்துவிடுவார்கள். எந்தத் தோட்டத்துக்கு லாரி போனது என்று அவருக்கும் தெரியாது. ராத்திரி லயத்துக்குத் திரும்பாமல் என்னோடு தங்கி, எங்களோடு வேனில் வந்திருந்த முனியம்மா அன்று வேலைக்குப் போகவில்லை.

"நான் சொல்றேன். மெஷின்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார்.

5. லாரி

அறை வாசலில் முனியம்மா செருப்பைத் தேடிக் குனிந்தார். அவர் காலில் செருப்பு இல்லை. பெரிய கிராணி தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். முனியம்மா உட்காரவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்றார். பெரட்டில் எழுதிய பெயர்களை முதலில் அடித்து முடித்தேன்.

"சொல்லுங்கக்கா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். லாரியில் ஆட்கள் உட்காரும் இடது பலகையில் முன்னாலிருந்து தொடங்கினார். "மொதல்ல காளியம்மா, வெத்தல துப்பணும், அதனால ஓரம். அவளுக்கு அடுத்தது பெரியநாயகி, ஏழாம் லயம், கடைசிக் கதவு. அப்பறம் மருந்தடிக்கிற ராமையா. அவனுக்குப் பக்கத்துல ஒருத்தியும் உக்கார மாட்டா, நாத்தம். தண்ணி ட்ரம்ம வச்சிருப்பாங்க. ட்ரம்முக்கு அந்தாண்ட அந்தோணியம்மா, எட்டாம் லயம், மொதக் கதவு."

நான் அடித்தேன். கைதான் கேட்டது, நான் கேட்டேன் என்று சொல்ல முடியாது. இடது பலகை முடிந்து வலது பலகைக்கு வந்தார். யாரோடு யார் பேசமாட்டார்கள், யார் தூங்கி யார் தோளில் விழுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். அடையாள அட்டையின் ஐ.சி. நம்பரைப் பின்னால் சேர்க்கலாம் என்று மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். ஊய் எழுந்துபோகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சு" என்றார் முனியம்மா.

டேபிளில் எத்தனை பேர் என்று மெஷினைக் கேட்டேன். 437 என்றது.

அடித்த பெயர்களை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன்.

"அக்கா, நீங்க எந்தப் பலகை?"

"நான் எங்க உக்காந்தேன்? முட்டி மடக்க முடியாது. பின்னால கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே வருவேன்."

"உங்க பேரச் சொல்லவே இல்லையே."

"நேத்துலேருந்து என் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருக்க. அத வேற சொல்லணுமா?"

பெயரை அடித்தேன். கதவு நம்பரை அடித்தேன். திரும்பக் கேட்டேன்.

438.