மறுபடி லீவு கிடைக்காது

நானும் என் கணவரும் ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். ரொம்ப நாள் ஆசைப்பட்டு, இருவரும் சேர்ந்தாற்போல் லீவு வாங்கி, முதுகுப் பையோடு நேபாளம் போனோம்.

ஒரு மலைக் கிராமத்தில் அவருக்குத் தலை விண்ணென்று வலித்தது, வாந்தியும் எடுத்தார். தங்கிய வீட்டுக்கார அம்மா, கீழே இறங்கிவிடும்படி கைகாட்டினார். நானும் கெஞ்சினேன்.

“நைட் ஷிப்ட்ல வராத தலைவலியா இது? மாத்திரை போட்டா சரியாப் போயிரும். மறுபடி லீவு கெடைக்காது, வா புள்ள” என்று சிரித்தபடி மேலே ஏறினார்.

அடுத்த ஊருக்குள் நுழையும்போதே மூச்சுத் திணறிச் சரிந்தார். கீழே தூக்கி வரும் வழியிலேயே போய்விட்டார். உயரத்தால் வரும் நோயாம். அப்போதே இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாராம்.

இப்போது நான் சூப்பர்வைசர். லைனில் யாராவது தலைவலி என்று மாத்திரையைத் தேடினால், மெஷினை நிறுத்தி டாக்டரிடம் அனுப்புகிறேன். திட்டிக்கொண்டே போகிறார்கள். திட்டட்டும். திட்டுவதற்காவது உயிரோடு இருக்கிறார்களே.