ராஸ் தீவில் நான் ஆட்டிய தலை

மெயின்லேண்டிலிருந்து அந்தமானுக்கு வருகிறவர்களுக்கு இடிந்த சுவர் என்றால் உயிர். என்னைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வந்த அம்மாவும், காபித் தம்ளரைக் கீழே வைத்த கையோடு, "ராஸ் தீவுக்கு எப்பப் போகலாம்?" என்றார். போர்ட் பிளேயர் டாலிகஞ்சில் எங்கள் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது, நான் மட்டும்தானே! மறுநாள் காலை அந்த அம்மாவும், இதே ஊரில் அரசாங்க வேலையில் இருந்த அவர் மகனும், நானும் அப்பாவும் படகேறினோம்.

இறங்கியதும் ஒரு கைடு ஒட்டிக்கொண்டார். அவர் இந்தியில் அவிழ்த்துவிடுவார், நான் அந்த அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பழைய பேக்கரியைக் காட்டித் துரைமார்கள் நடனமாடிய மண்டபம் என்றார். சுவரில் அடுப்பின் வாய் அப்படியே இருக்கிறது. அதற்குள் எந்தத் துரை ஆடினானோ. பிஸ்கட்டுக்கு அலையும் மான்களைக்கூட ராஜவம்சம் ஆக்கிவிட்டார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியாக, ஆலமர வேர் விழுங்கிய ஒரு சுவரின் முன் நின்று கைடு குரலை உயர்த்தினார். "தேக்கியே, பாருங்கள்! காலாபானி ஜெயிலுக்கு வந்த ஒவ்வொரு கைதியும் தேசத்துக்காக வந்தவர்!"

மொழிபெயர்த்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க கொள்ளுத்தாத்தாவும் கைதியா வந்தவருன்னு சொன்னாங்களே. அவரும் தியாகிதானா?"

கைதிகளின் வம்சத்தில் வந்த எங்களுக்குள் யாரும் யாரிடமும் என்ன செய்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்பதில்லை. மெயின்லேண்டுக்காரர்களுக்கு அந்த நாகரிகம் கிடையாது. என் கொள்ளுத்தாத்தா வாய்க்கால் தண்ணீருக்காகச் சொந்தத் தம்பியை வெட்டிவிட்டு வந்தவர். வீட்டில் அதை ஒளித்ததில்லை. ஆடி அமாவாசைப் படையலில் எங்கள் முன்னோருக்கு ஓர் இலை, வெட்டுப்பட்ட அந்தத் தம்பிக்கு ஓர் இலை. கொள்ளுத்தாத்தா தொடங்கி வைத்தது. அப்பா ஒரு வருடமும் விட்டதில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்திருப்பார், என் வாய் அப்படி. ஆனால் எனக்கு அந்த மகனைப் பிடித்திருந்தது. படகில் குமட்டிக்கொண்டு வந்தபோதும் என்னைப் பார்த்துச் சிரித்த மனிதர். கொலைகாரன் வீட்டுப் பெண் என்று தெரிந்தால் அந்த அம்மா அடுத்த படகிலேயே திரும்பிவிடுவார் என்று பயந்தேன்.

"ஆமாங்க அத்தை," என்று தலையை ஆட்டினேன். "வெள்ளைக்காரனை எதிர்த்துத்தான்."

கைடாவது பிழைப்புக்குப் பொய் சொன்னார்.

கல்யாணம் நடந்தது. ஆடிக்கு என்னை அம்மா வீட்டுக்கு அழைத்தபோது அத்தையும் வந்தார், தியாகிக்குப் படைப்பதைப் பார்க்க வேண்டுமாம். வரும் வழியில் ஆட்டோக்காரரிடம்கூடத் தியாகி வீட்டிலிருந்து எடுத்த மருமகள் என்று என்னைக் காட்டிப் பெருமையடித்தார். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெட்கம் கெட்டவள்.

அப்பா குளித்துவிட்டு வந்து ஓர் இலையைத் துடைத்துப் போட்டார். சோறு, வாழைக்காய், வடை, பாயசம் எல்லாம் வைத்தார். கற்பூரம் ஏற்றினார். அத்தை விழுந்து கும்பிட்டார்.

தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். இன்னோர் இலை, நறுக்கிக் கழுவியது, சுவரோரம் சாய்ந்திருந்தது.