மலாவியிலிருந்து மலைக்கு வந்த போதகர்

சிக்கோண்டி பிரி இலங்கை மலையகத்திலுள்ள ஹல்துமுல்லைக்கு வந்த முதல் வாரத்தில் அவருடைய பெயரே சபையாருக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டின் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை அவரை மூன்று வருட மிஷன் ஊழியத்துக்கு அனுப்பியிருந்தது. கடிதத்தில் ‘வணக்கத்துக்குரிய பிரி’ என்றுதான் இருந்தது. கல்யாணம் செய்துவைக்க வேண்டியவரை ‘பிரி ஐயா’ என்று எப்படிக் கூப்பிடுவது என்று சபைச் செயலாளர் சுதர்ஷினி கேட்டாள். எல்லோரும் யோசித்து, சிக்கோண்டி ஐயா என்று முடிவு செய்தார்கள். அவருடைய மொழியில் சிக்கோண்டி என்றால் அன்பு என்று பொருள். அது சபையாருக்குத் தெரியவே ஒரு வருடம் ஆனது.

அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மனைவி எஸ்நாத் மலாவியில் தாதியாக வேலை செய்தார். இரண்டு பெண் பிள்ளைகளும் தாயோடு இருந்தார்கள். இங்கே அவருக்கு இருபத்துமூன்று குடும்பங்களைக் கொண்ட ஒரு சிறிய சபை, தகரக் கூரை போட்ட கோயில், இரண்டு அறை வீடு. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த சுதர்ஷினி, மாலை வேளைகளில் அவருக்கு மொழிபெயர்த்தாள்.

ஜனங்கள் அவரை வெறுக்கவில்லை. மரியாதைதான் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது. தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்துக்குப் போனாலும் உள்ளே இருந்து ஒரு நாற்காலி வரும். நல்ல கோப்பையில் தேநீர் வரும். பிறகு யாரும் பேச மாட்டார்கள். அவர் குடித்து முடிக்கும்வரை சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். “நாற்காலியில் உட்காரும் வேலைக்குத்தான் என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது” என்று மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் திரும்பிப் போய்விடலாமா என்று அந்த நாட்களில் இரண்டு தடவை யோசித்தார்.

அந்த மௌனத்தை உடைத்தது ஒரு பிழை. முதல் கிறிஸ்துமஸ் ஆராதனையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தமிழிலேயே ஏழு நிமிடம் பேசத் துணிந்தார். ‘குழந்தை’ என்ற சொல்லைப் பத்து நாளாகப் பழகியிருந்தார். பீடத்தில் ஏறியதும் நாக்கு புரண்டுவிட்டது.

“இயேசு நமக்காக ஒரு கொழுந்தாகப் பிறந்தார்” என்றார்.

கோயில் அமைதியானது. பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த கருப்பம்மா பக்கத்திலிருந்தவளிடம், “அப்ப நாளைக்கு அவரையும் பறிச்சுப் பையில போட்டுருவாங்களே” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. முதலில் சுதர்ஷினி சிரித்தாள். பிறகு கோயிலே சிரித்தது. விஷயம் புரிந்ததும் போதகர் பீடத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

கேக் சாப்பிட வந்திருந்தவர்களில் பெரியாயியும் ஒருத்தி. சபையைச் சேர்ந்தவள் அல்ல. பக்கத்து லயத்துக்காரி, முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். அவள்தான் நேராக வந்து சொன்னாள்: “கொழுந்தப் பத்திப் பேசுற ஐயா ஒரு நாளைக்கு மலைக்கு வாங்க. எப்படி எடுக்குறீங்கன்னு பாப்போம்.”

வேடிக்கையாகச் சொன்னதை அவர் அழைப்பாக எடுத்துக்கொண்டார். அந்த வாரமே ஒரு காலையில் மலைக்குப் போய், ஒரு பையை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலை நிரையில் இறங்கினார். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் செடி மேல் ஓடின. முற்றின இலை ஒன்றுகூட விழவில்லை. பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கங்காணி சின்னராசா பதறிப்போய் ஓடி வந்தார். “ஐயா, இது பொம்பளைங்க வேலைங்க.”

“எங்க ஊர்ல ஆம்பள எடுக்கும், பொம்பள எடுக்கும்” என்றார் போதகர். “எங்க அம்மா ஒரு நிரை. நான் அடுத்த நிரை. ஸ்கூல் லீவு எல்லாம் அதுதான் வேலை.”

மலாவியின் தெற்கில் சோலோ என்ற மாவட்டம் முழுக்கத் தேயிலைதான். அங்கேதான் அவர் பிறந்தார். இங்கே வந்த நாளிலிருந்து யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. அன்று நிறுவையில் அவர் பை பத்தொன்பது கிலோ காட்டியது. பெரியாயியின் பை இருபத்தாறு. “பரவால்ல, பழகிக்கலாம்” என்று அவள் ஆறுதல் சொன்னாள்.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு காலை அவர் மலையில்தான். அங்கேதான் தமிழ் படித்தார். மதம் மாற்றத்தான் அந்த ஆள் வருகிறார் என்று லயத்தில் இரண்டு பேர் சொன்னது பெரியாயி காதுக்கு வந்தது. அவள் அவரிடமே கேட்டாள்: “நான் மாரியம்மா கும்புடுறவ. நீங்க என்ன மாத்தவா வர்றீங்க?”

“நீங்க கும்புடுங்கக்கா. நான் ஒங்ககிட்ட இருபத்தாறு கிலோ எப்படி எடுக்குறதுன்னு கத்துக்க வர்றேன்.”

ஒரு வருடம் போய், மாசி மாதத்தில் குளவி கிளம்பியது. செடிக்குள் இருந்த கூடு யார் கண்ணிலும் படவில்லை. பெண்கள் பைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பெரியாயி வழுக்கி வாய்க்காலில் விழுந்தாள், எழும்ப முடியவில்லை. போதகர் திரும்பி ஓடி வந்து, அவள் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்து அவளைத் தலையோடு மூடினார். பிறகு அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார். அவளுக்கு ஆறு கொட்டு. அவருக்கு நாற்பதுக்கு மேல். சின்னராசா லொறியில் இருவரையும் ஏற்றினார். ஹல்துமுல்லை ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டு, உடனே அம்புலன்சில் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் பயப்படும்படியாகத்தான் இருந்தது. போதகருக்கு மூச்சு முட்டியது. கண்கள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்து அழுததாகப் பிற்பாடு அவரே சொன்னார். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டர் பத்மநாதன் வந்து ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார்.

“இப்ப சொகமா இருக்குங்க. கண்ணு மட்டும் கொஞ்சம் எரியுது” என்றார் நோயாளி.

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். “உங்களுக்கு ஆர் தமிழ் படிப்பிச்சது?”

“கொழுந்து மலையில அக்காமாருங்க.”

“நான் இஞ்ச வந்து ஆறு வருசம். எனக்கே இந்தத் தோட்டத்துத் தமிழ் இன்னும் வராது” என்று டொக்டர் சிரித்தார். அன்று மாலை தாதிமாரையும் கூட்டிவந்து அவரைப் பேசவிட்டுக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹல்துமுல்லையிலிருந்து பதினான்கு பேர் பஸ் ஏறி வந்தார்கள். பெரகலச் சந்தியில் கடை வைத்திருக்கும் ஜௌபர் ஒரு பை தோடம்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் கருப்பம்மா உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேசினார்கள். பெண்கள் வார்டிலிருந்து பெரியாயி நடந்து வந்தாள்.

“மாரியம்மாவுக்கு நேர்ந்துக்கிட்டேன்” என்றாள். “ஒங்க ஆண்டவருக்கு நீங்களே சொல்லிருங்க. எனக்கு அவர அவ்வளவா பழக்கமில்ல.”

“சொல்லிட்டேன்க்கா.”

திரும்பி வந்ததும் அவரும் சுதர்ஷினியும் பெண்களோடு சேர்ந்து, குளவிக்கு ஒரு வழி கேட்டுத் தோட்டத்து மானேஜரைப் பார்த்தார்கள். இப்போது கொழுந்தெடுக்க இறங்குமுன் இரண்டு பேர் போய்க் குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்து வருகிறார்கள். வேலையில்லாமல் இருந்த நான்கு ஆண்களும் கொழுந்து பறிக்கப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துவிட்டது சின்னராசாதான்.

மூன்று வருடம் முடிந்தபோது மலாவிச் சபை அவரைத் திரும்பி வரச் சொன்னது. இன்னும் மூன்று வருடம் கேட்டு அவர் எழுதினார். சபை இணங்கியது; ஆனால் இனியும் தன்னால் தனியாக இருக்க முடியாது என்று எஸ்நாத் சொல்லிவிட்டார். சித்திரையில் அவரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது அந்த இரண்டறை வீட்டில் சத்தம் அதிகம். எட்டு வயதுச் சின்ன மகள் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி நாலே மாதத்தில் தமிழில் அப்பாவை முந்திவிட்டாள். போன வாரம் அவள் யாருடனோ சண்டை போட்டபோது கத்திய ஒரு சொல் போதகருக்குப் புரியவில்லை. புதுச் சொற்கள் குறிக்கும் கொப்பியில் எழுதிக்கொண்டு போய் சுதர்ஷினியிடம் அர்த்தம் கேட்டார்.

சுதர்ஷினி கொப்பியைப் பார்த்தாள். பிறகு மூடி அவர் கையிலேயே கொடுத்தாள்.

“அது ஒங்களுக்கு வேணாங்கய்யா” என்றாள்.