மூன்று கந்தோரும் என் கடைசி மகனும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. ஆறும் படித்தன. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆறுதலாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர் வேறு ஏதாவது வாசிக்கலாம்.

என் கடைசி மகன் குடித்தான். அக்கராயனில் எங்கள் வயலைத் தெரிந்தவர்களுக்கு அதுவும் தெரியும். போன வருடம் அவனாகவே கிளிநொச்சிக்குப் போய், குடியை விட்டவர்கள் தங்களுக்குள் கூடுகிற கூட்டத்தில் இருந்துவிட்டு வந்தான். அந்தக் கூட்டங்களுக்குக் கிளிநொச்சியில் ஒன்று, முல்லைத்தீவில் ஒன்று, வவுனியாவில் ஒன்று என்று மூன்று கந்தோர்கள். கந்தோர் என்றதும் பெரிய அலுவலகமாக நினைக்கவேண்டாம். ஓர் அறை, நாலு கதிரை, ஒரு போன், ஒரு கேத்தல். சம்பளத்துக்கு ஒருத்தரும் இல்லை. வருகிறவரிடம் பெயர் கேட்கமாட்டார்கள். போன் அடித்தால் குடியை விட்டவர் ஒருவர்தான் எடுக்கவேண்டும், அவர்கள் வீட்டு ஆட்கள் எடுக்கக்கூடாது. வெட்கத்தோடு பேச வருகிறவன் யாருடையவோ தாயின் குரலைக் கேட்டால் வைத்துவிடுவான் என்பார்கள். சரியான கதைதான்.

சனிக்கிழமைகளில் கிளிநொச்சிக் கந்தோரில் தேத்தண்ணி என் பொறுப்பு. அவர்கள் கேட்டு நான் போகவில்லை. நானாகத்தான் போனேன்.

மகன் குடியை விட்டு நாலு மாதம் ஆனபோது முல்லைத்தீவுக்கு அங்கால் நாயாற்றில், மீன் பிடிக்கிறவர்கள் தங்குகிற வாடியில் வேலை கிடைத்தது. புது இடம், புது ஆட்கள், கடற்கரைக் களைப்பு. எனக்கு நித்திரை போய்விட்டது. கிளிநொச்சிக் கந்தோரைப் பார்க்கிறவர் முன்பு பஸ் ஓட்டினவர். அவர் சொன்னார்:

"பயப்பிடாதைங்கோ அம்மா. முல்லைத்தீவுக் கந்தோருக்குச் சொல்லிவிடுறன். பஸ்ஸால இறங்கேக்க அவை நிப்பினம்."

பெயர் சொல்லாத வழக்கம் அல்லவா. ஆகவே அடையாளம் சொன்னார்: பச்சைச் சேட்டு, தோளில் கறுத்த பை, மெலிந்த ஆள்.

பிழை என்னில்தான் தொடங்கியது. அவன் பயணப்படுகிற சனி காலை பச்சைச் சேட்டின் பொக்கற் கிழிந்திருக்கக் கண்டேன். கிழிந்த சேட்டோடு என் பிள்ளை ஊர் விட்டுப் போவதா? வெள்ளையைப் போட வைத்தேன். அவனைப் பஸ் ஏற்றிவிட்டுக் கந்தோருக்குப் போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

மத்தியானம் முல்லைத்தீவில் இருந்து போன் வந்தது. "ஆள் வந்து சேர்ந்திட்டார், இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்." பஸ் ஓட்டினவர் போனை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் போன் அடித்தது. நின்று, திரும்பவும் அடித்தது. நான் தொடவில்லை. ஒழுங்கு ஒழுங்குதானே. அடித்தது என் மகன்.

முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் அவன் ஒன்றரை மணித்தியாலம் நின்றிருக்கிறான். வெள்ளைச் சேட்டுக்காரனை ஒருத்தரும் தேடவில்லை. அவன் கண்ணுக்கு நேரே சாராயக் கடை. சட்டைப் பையில் கந்தோர்களின் இலக்கம் எழுதின துண்டு இருந்தது. கிளிநொச்சி எடுக்கவில்லை, முல்லைத்தீவு எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது வவுனியா.

வவுனியாக் கந்தோரில் இருப்பவர் புடவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர். எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். என் மகன் அவருடைய பொறுப்பே இல்லை. அவனை அவர் கண்டதும் இல்லை. மகன் பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க நிக்கிறீங்க தம்பி?"

"பஸ் ஸ்டாண்டில. முன்னுக்குச் சாராயக் கடை."

"அது அங்கயே இருக்கட்டும், ஓடாது. பக்கத்தில என்ன தெரியுது?"

"மீன் விக்கிற அக்கா."

"என்ன மீன்?"

"பாரை."

"செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. சிவப்போ?"

மீன்கார அக்கா பேசினாளாம். "வவுனியாவில இருந்து செவுள் பாக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். வாங்கப்போறியளோ, இல்லாட்டி போனுக்குக் காட்டத்தானோ?"

இப்படியே பாரையில் இருந்து திருக்கைக்கும் திருக்கையில் இருந்து நண்டுக்கும் அவனை இழுத்துக்கொண்டே, மற்றக் கையில் தன் கடைப் போனால் முல்லைத்தீவை விடாமல் கூப்பிட்டிருக்கிறார் நானா. கடைசியில் எடுத்தார்கள்.

"உங்கட ஆள் ரோட்டில நிக்கிறார்."

"எங்கட ஆள் இஞ்ச இருக்கிறாரே நானா."

"அப்ப அவரிட்டக் கேளுங்க, என்னத்துக்கு வந்தவர் எண்டு."

கேட்டார்கள். அங்கே இருந்த பச்சைச் சேட்டுக்காரர் ஜெயபுரத்தில் இருந்து தன் மகனுக்குப் பொம்பிளை பார்க்க வந்தவர். பொம்பிளை வீட்டார் பஸ்ஸடிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "உங்களுக்காகத்தான் நிக்கிறம், வாங்கோ" என்று இரண்டு பேர் கூட்டிப்போனதும் நம்பிவிட்டார். பிறகு ஒருத்தர் மாறி ஒருத்தர், தாங்கள் எத்தனை வருடம் குடித்தோம், எப்படி வீட்டை அழித்தோம் என்று வழக்கப்படி சொல்லியிருக்கிறார்கள். மனுசன் கப்பை வைத்துவிட்டுச் சொன்னாராம்:

"நல்ல வெளிப்படையான குடும்பம் எண்டு நினைச்சன். ஆனா பொம்பிளை குடுக்கிற வீட்டில இவ்வளவு பேர் குடிச்சிருப்பினம் எண்டு நினைக்கேல்லை."

ஒரே மோட்டார் சைக்கிளில் அவரைக் கொண்டுவந்து விட்டு, என் மகனை ஏற்றிப்போனார்கள். போன் சூடாகி அவன் காது சிவந்திருந்ததாம். குடிக்கவில்லை.

இதில் நான் மெச்சுவது பிழைக்குப் பிறகு நடந்ததை. மூன்று கந்தோரும் என் முன்னால் போனில் கூடிக் கதைத்தன. "நீதான், நீதான்" என்று ஒருத்தரும் விரல் நீட்டவில்லை. பஸ் ஓட்டினவர் "போனை வைச்சிட்டுப் போனது என்ர பிழை" என்றார். முல்லைத்தீவார் "கேட்காமல் ஏத்தினது எங்கட பிழை" என்றார்கள். நானும் சேட்டு மாற்றினதை ஒப்புக்கொண்டேன். பிறகு சொன்னேன்:

"கைக்குழந்தையை மடி மாத்தேக்க அந்தக் கை பிடிச்ச பிறகுதானே இந்தக் கையை விடுவம். பெரிய ஆளெண்டா மட்டும் என்னத்துக்குத் தூக்கி எறியிறியள்?"

நானா சொன்னார், "அம்மா சொல்லுறதை எழுதுங்க."

இப்போது அதுதான் ஒழுங்கு. ஓர் ஊரை விட்டு மற்ற ஊருக்குப் போகிறவரோடு ஒருவர் பாதி வழி வரைக்கும், முல்லைத்தீவுப் பக்கமென்றால் புதுக்குடியிருப்பு வரைக்கும், கூடப் போவார். அந்தப் பக்கத்துக் கந்தோரில் இருந்து ஒருவர் வந்து நிற்பார். மூன்று பேரும் இருந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் பிரிவார்கள். சேட்டின் நிறம் யாருக்கும் தேவையில்லை.

மகன் இன்னும் நாயாற்றில்தான் இருக்கிறான். அவன் இன்றைக்குக் குடிக்கவில்லை. நாளைக்கு எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. மூன்று கந்தோருக்கும் தெரியும்படி அவன் இருக்கிறான் என்பதால் நான் படுத்தால் நித்திரை வருகிறது. எழுதுங்கோ என்று சொன்னதும் அவன்தான். வெள்ளிக்கிழமை வருகிறான், வாசித்துக் காட்டவேண்டும்.

என்னோடு இருக்கிற பேரப்பிள்ளை, உன் அப்பாவின் கதை இது. முதலில் நீ எனக்கு வாசி, பலமாக வாசி. அவர் கேட்டுத் தலை குனிகிற மாதிரி ஒரு சொல் இருந்தாலும் அந்த இடத்தில் நிற்பாட்டு, நான் வெட்டிவிடுகிறேன்.