புது டிஸ்க்கை நம்புவதற்கு முன்

கம்ப்யூட்டர் பார்க்கிறவனுடைய வேலை, மற்றவர்கள் நம்பி மறந்துவிட்டுப் போன பொருளின் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சந்தேகப்படுவது. அதனால்தானோ என்னவோ, ஆம்பூருக்குப் பக்கத்தில் இந்த ஷூ கம்பெனியில் எனக்கு நிரந்தரமாக நைட் ஷிஃப்ட் கொடுத்திருக்கிறார்கள். நான் குடியாத்தத்தில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவன். பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்து, பாதியைத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்து, அப்படியே கற்றுக்கொண்டேன். சான்றிதழ் கிடையாது. தூக்கமும் அவ்வளவாகக் கிடையாது. பிள்ளைகளின் போட்டோக்களை எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைத்து, அது ஒருநாள் 'டிக் டிக்' என்று சத்தம் போடும்போது காதை அதன்மேல் வைத்துக் கேட்டவர் நீங்கள் என்றால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

மூன்றாம் மாதம்

எங்கள் கம்பெனியில் பேட்டர்ன் ரூம் என்று ஒன்று உண்டு. ஒரு ஷூவுக்கு எந்தத் துண்டை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்ற வரைபடங்கள் அங்கேதான் பிறக்கும். அதற்கு மாஸ்டர் இக்பால் பாய், என் வயதுக்காரர். போன வருஷம் அந்த ரூமை மாடியிலிருந்து கீழே, பின்பக்கம் தோல் பதனிடுகிற ஷாப்பை ஒட்டி மாற்றினார்கள். அந்தச் சமயத்தில் பாயின் வேலை முழுவதையும் ஒரு புது டிஸ்க்கில் காப்பி செய்து, கீழே அந்த ரூமில் மாட்டினேன். பழைய டிஸ்க்கை அன்று சாயங்காலமே துடைத்து, செக்யூரிட்டி கேமரா பதிவுக்குக் கொடுத்துவிட்டேன். புதுசுதானே என்ற தைரியம். மூன்றாம் மாதம் ஒரு காலையில் அந்தப் புதுசு எழுந்திருக்கவே இல்லை.

பாய் ஆறு மாதம் உட்கார்ந்தார். சாம்பிள் ஷூக்களை எடுத்துவைத்து, பாத வடிவ மர அச்சின்மேல் டேப் ஒட்டி, கோடு போட்டு, டேப்பைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முதல் நாள் மட்டும், செத்துப்போன டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோலு வாங்குறவன் ரெண்டு பக்கமும் தடவிப் பாத்துட்டுதான் வாங்குவான் தாமு. நீ இதை ஒரு பக்கம்கூடப் பாக்கல போலக்குது."

நெற்றி எது

அதற்குப் பிறகுதான் புது டிஸ்க்கைச் சோதிப்பது எப்படி என்று தேடித் தேடிப் படித்தேன். டிஸ்க்குகள் சாவது பெரும்பாலும் பச்சைக் குழந்தையாக இருக்கும்போது, அதைத் தாண்டிவிட்டால் கிழடானபின் என்று பலரும் எழுதியிருந்தார்கள். என்னுடையது குழந்தைச் சாவு என்று முடிவு கட்டிக்கொண்டேன். இனி எந்த டிஸ்க்கையும் சோதிக்காமல் நம்புவதில்லை என்று சபதம் வேறு.

இந்த வருஷம் பாய் திரும்ப வரைந்ததெல்லாம் இருந்த டிஸ்க் நிரம்பிவிட்டது. பெரிதாக ஒன்று வாங்க அனுமதி வந்தது. மேனேஜர் கோபிநாத் சார் ஒரு நிபந்தனை போட்டார்: புதுசில் ஏற்றியதும் பழையதைத் துடைத்து கேமராவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படியென்றால் மறுபடியும் ஒரே ஒரு பிரதி. அதுவும் போனால் பாயின் வேலை இரண்டாம் தடவையாகப் போகும். "இன்னொரு தபா போச்சுன்னா நான் வரைய மாட்டேன், கணக்கை முடிச்சினு வீட்டுக்குப் போய்டுவேன்" என்று அவர் சொல்லிவைத்திருந்தார். சும்மா சொல்கிற ஆள் கிடையாது.

டிஸ்க் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் சாயங்காலம் வருவதற்குள், பாயிடம் கம்ப்யூட்டரில் வரைகிற செல்வி பெட்டியைப் பிரித்து, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, ஒரு பூவையும் கிள்ளிப் போட்டிருந்தாள். அந்த மாதிரி டிஸ்க்கின் மேல்மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்காற்றும் வெளிக்காற்றும் சமமாக இருக்கவேண்டும் என்பதற்காக வைத்தது. 'இதை மூடாதே' என்று பக்கத்திலேயே இங்கிலீஷில் அச்சடித்திருப்பார்கள். பொட்டு மிகச் சரியாக அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. காது குடைகிற பஞ்சுக் குச்சியால் அரைமணி நேரம் ஒற்றி ஒற்றி எடுத்தேன். "இது அதோட மூக்கும்மா" என்றேன். செல்வி குனிந்து உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எது மூக்கு, எது நெத்தின்னு முன்னாடியே காட்டியிருந்தா நான் ஏண்ணா தப்பா வெக்கப் போறேன்?"

நல்ல சோதனை

மாடியில் என் மேஜையில் அதை மாட்டி, முதலில் அதன் ஜாதகத்தைக் கேட்டேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எத்தனை மணி நேரம் ஓடியது, எங்கே தடுமாறியது என்று தனக்குள்ளேயே குறித்துவைத்திருக்கும். கேட்டால் சொல்லும். புதுசு என்றால் பூஜ்யமோ ஒன்றோ காட்ட வேண்டும். இது பதினோராயிரம் மணி நேரம் என்றது! ஒரு வருஷத்துக்கும் மேலாக எங்கேயோ ராப்பகலாக உழைத்துவிட்டு, உறை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபமே வரவில்லை. எந்த ஊரில் ஓடியதோ, யார் வீட்டு விசேஷத்தையெல்லாம் சுமந்ததோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தூக்கத்தை விட்டுவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் நான் எழுதிக்கொண்டு போன எண்ணைப் பார்த்தார். "கம்பெனியிலயே டெஸ்ட் பண்ணியிருப்பாங்க சார்" என்றார். "பதினோராயிரம் மணி நேரமா?" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. வேறு டிஸ்க் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப ரொம்ப நல்லா டெஸ்ட் பண்ணியிருக்காங்க சார்."

எழுதி எழுதிப் படித்தல்

இரண்டாவது டிஸ்க் நிஜமாகவே புதுசு. சோதனையை ஆரம்பித்தேன். விஷயம் எளிமையானது. டிஸ்க்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை ஒரே எழுத்தால் நிரப்ப வேண்டும். பிறகு அத்தனையையும் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். இப்படி நாலு தடவை, நாலு வேறு எழுத்துகளால். எழுத எட்டு மணி நேரம், படிக்க எட்டு மணி நேரம். ராப்பகலாக ஓடினால் மொத்தம் மூன்று நாள் பிடிக்கும்.

அவ்வப்போது உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். காதைக் கிட்டே கொண்டுபோய்ச் சத்தம் கேட்பேன். எந்த அர்த்தமும் இல்லாத ஒன்றை ஒரு மூலைகூட விடாமல் எழுதி, ஒரு எழுத்துகூட மறக்காமல் திருப்பிச் சொல்கிறது. என் ஐம்பது வருஷத்தில் எழுதியதைத் திருப்பிப் படித்தால் எத்தனை இடம் தேறும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டாம் நாள் காலையில் கோபிநாத் சார் வந்து எட்டிப் பார்த்தார். சாம்பிள் வேலை காத்திருக்கிறது, அவருக்கு அவர் பேஜார். "ஒண்ணுமில்லாததை எழுதுற, அதை நீயே படிக்கிற, கரெக்டா இருக்குன்னு நீயே மார்க் போட்டுக்குற. இதுக்கு மூணு நாளா தாமு?"

ரப்பர்

டிஸ்க் ஒரு தப்புகூட இல்லாமல் தேறியது. பாஸான பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுபோல் பேட்டர்ன் ரூமுக்கு எடுத்துப்போனேன். செல்வி காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக் கொலுசைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ரூமுக்கு வந்ததிலேர்ந்து கறுத்துக் கறுத்துப் போவுதுண்ணா. மாடியில இருந்தப்ப இப்டி இல்ல." சுவருக்கு அந்தப் பக்கம்தான் தோலிலிருந்து முடியை உதிர்க்கும் சுண்ணாம்புத் தொட்டிகள். அதில் போடுகிற சல்பைடின் அழுகிய முட்டை வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். அந்த வாடையில் வெள்ளி கறுப்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் செய்தியே இல்லை. அந்த நிமிஷம்வரை எனக்கும் இல்லை.

கையிலிருந்ததை வைத்துவிட்டு மாடிக்கு ஓடி, போன வருஷம் செத்த டிஸ்க்கை டிராயரிலிருந்து எடுத்துவந்தேன். அதன் அடியில் ஒரு பச்சை போர்டு திருகியிருக்கும். குழந்தைச் சாவு என்று முடிவு கட்டியவன், அதை ஒரு தடவையாவது கழற்றிப் பார்த்தேனா? இப்போது கழற்றினேன். மோட்டாரும் உள்பாகமும் வந்து தொடுகிற, வெள்ளி பூசிய புள்ளிகள் பளபளவென்று இருக்கவேண்டும். மை தீட்டியதுபோல் இருந்தன. செல்வியின் மேஜையிலிருந்த பென்சில் ரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தேன், திருகினேன், மாட்டினேன். ஓடியது. பாயின் பழைய வேலை அத்தனையும் திரையில் வரிசையாக வந்து நின்றது. பாய் எனக்குப் பின்னால் நின்று கடைசி வரி வரை பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அரே தாமு, ஸ்கூல் பசங்க ரப்பர் ஒண்ணு இல்லாமயா நான் ஆறு மாசம் வரைஞ்சேன்?"

ஒற்றைக் கொலுசு

டிஸ்க் நல்லது, அறைதான் கெட்டது, இப்போது கீழே ஓடுகிற பழசும் உள்ளே கறுத்துக்கொண்டுதான் இருக்கும் என்று கோபிநாத் சாரிடம் சொன்னேன். "வாடைக்கும் டிஸ்க்குக்கும் இன்னா சம்பந்தம்? கீழ மாட்டிட்டுப் பழசைத் துடைச்சுக் குடு" என்றார். ஒரு வாரம் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். செல்வி இரண்டு கொலுசையும் கழற்றிப் பல்பொடி போட்டு ஒரே மாதிரி தேய்த்தாள். ஒன்றைப் பேட்டர்ன் ரூமில் ஆணியில் மாட்டினோம். இன்னொன்றை மாடியில் என் மேஜைக்கு மேலே. வெறுங்காலோடு வீட்டுக்குப் போனவளை, கொலுசு எங்கே என்று மாமியார் கேட்க, "கம்பெனியில டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கேன்" என்றாளாம். அந்த அம்மா இன்றுவரை நம்பவில்லை.

தினமும் வேலைக்கு வந்ததும் இரண்டையும் போய்ப் பார்ப்பேன். மூன்றாம் நாள் கீழே இருந்தது மஞ்சளடித்தது. ஐந்தாம் நாள் டீக்கறை நிறம். ஏழாம் நாள் கறுப்பு. மாடியில் இருந்தது மாட்டிய அன்றைக்கு எப்படியோ அப்படியே. இரண்டையும் மேனேஜர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கறுத்ததை எடுத்து நகத்தால் சுரண்டினார். மற்றதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டையும் திரும்ப மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார்: "டிஸ்க்கை மாடியிலயே வெச்சு கீழ கேபிள் இழுத்துடு. பழசைத் துடைக்காத, அதுவும் மாடியிலயே பீரோவுல இருக்கட்டும்."

கேபிள் இழுத்த அன்று

அன்றைக்கே கேபிளை இழுத்து முடித்தேன். இரண்டு பிரதி, இரண்டும் மாடியில். இனி பாயின் வேலை ஒரே நாளில் ஒட்டுமொத்தமாகப் போக வழியில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு வேலையை முழுதாக முடித்த திருப்தி எனக்கு அன்றுதான் வந்தது. அந்தத் திருப்தியோடு கீழே போய், "கவலை விட்டுச்சு பாய், அந்தக் காத்து டிஸ்க்குக்கு ஒத்துக்கல, அதான் மேல ஏத்திட்டோம்" என்றேன். பாய் அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலை ஒருமுறை, செல்வியை ஒருமுறை பார்த்தார். "ரொம்ப சந்தோஷம் தாமு. நாங்க ரெண்டு பேரும் இன்னா, ஸ்டீலா?"

ஆக, பழுதாகிற பொருளுக்கு ஒரே நாளில் இடம் மாறிவிடுகிறது, பழுதாகாமல் தாங்கிக்கொள்கிற ஆட்களுக்குத்தான் மனு எழுத வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பேட்டர்ன் ரூமையே மாடிக்கு மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த மனு, நாலாவது வாரமாகப் பரிசீலனையில் இருக்கிறது.